தரம் கூட்டித் தருகிறேன் என்று உங்கள் நாணயத்தின் ஸ்லாபை உடைக்கக் கேட்டால் கொடுக்காதீர்கள்: நான் இழந்தது 2,410 வெள்ளி

இன்று காலை அந்தக் கடைக்காரர் என் கைப்பேசி எண்ணைத் தடுத்துவிட்டார். மூன்று வாரங்களாக நாளொரு காரணம் சொல்லி என்னை அலைக்கழித்தவர், இனிக் காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் ஆறிய பிறகு வெட்கம் வந்து என் கையைக் கட்டிவிடும். சிங்கப்பூரில் பழைய நாணயங்களை வாங்கி விற்பதோடு, நம்மைப் போன்றவர்களின் நாணயங்களைத் திரட்டி, தரம் பார்த்து ‘ஸ்லாப்’ என்ற முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பித் தரும் சிறிய கடை அது. முறையீடு செய்ய இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நான் 2,410 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) இழந்தேன். நீங்கள் இழக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாணயம் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். 1895ஆம் ஆண்டு பம்பாயில் அச்சடிக்கப்பட்ட பிரிட்டிஷ் வணிக டாலர். ஹாங்காங்கிலும் மலாயாக் கரையோரத்திலும் வியாபாரத்தில் புழங்குவதற்கென்றே அந்த ஆண்டுதான் இந்த வகையை அச்சடிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 27 கிராம் எடையில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. ஒரு பக்கம் திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியாவும் அவளுக்குப் பின்னால் கடலில் ஒரு கப்பலும் இருக்கும். மறுபக்கத்தின் நடுவில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்தும், சுற்றிலும் சீனத்திலும் ஜாவி எனும் அரபு வரிவடிவ மலாயிலும் மதிப்பும் இருக்கும். சீன வணிகர்கள் வெள்ளி நல்லதுதானா என்று சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்திவிடும் வழக்கம் இருந்ததாலும், 1937இல் செல்லாததாக்கப்பட்ட பின் ஏராளமானவை உருக்கப்பட்டதாலும், குத்துப்படாமல் பளபளப்போடு ஒன்று கிடைப்பது சேகரிப்பவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. சிங்கப்பூர்த் தமிழில் நாம் டாலரையே வெள்ளி என்று சொல்லிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கையில் எடுத்துப் பார்க்க வைக்கும் நாணயம் இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எம்.எஸ். 62 என்ற தரத்துடன் முத்திரையிட்ட ஸ்லாபுக்குள் இருந்த அதை 2,450 வெள்ளி கொடுத்து வாங்கினேன்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை எண் கொடுக்கும் முறையை 1949இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர், அவர்களுடைய பழைய பெரிய செப்புக் காசுகளுக்காக வகுத்தார். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனங்கள் இன்று உலக நாணயங்களுக்கும் அதையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்தில் தேயாத நாணயம், அதைத்தான் எம்.எஸ். என்ற எழுத்துகள் குறிக்கின்றன. 62க்கும் 64க்கும் இடையே கண்ணுக்குத் தெரிவது சில சிறு கீறல்களும் பளபளப்பில் ஒரு படியும்தான், ஆனால் விலையோ பல நாணயங்களுக்குப் பன்மடங்கு தாவும். தரம் சொல்பவர்கள் மனிதர்கள் என்பதால், அதே நாணயம் வேறொரு நாளில் ஒரு எண் கூடுதலாகப் பெற்று வருவதும் உண்மையில் நடக்கிறது. அதனால்தான் ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்பும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. ஒரே நாணயம் பலமுறை எண்ணப்பட்டு, எந்தத் தரத்தில் எத்தனை நாணயம் என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியல்களே வீங்கிப்போகும் அளவுக்கு இருக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். அந்தக் கடைக்காரர் பொய்யான ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். பாதி உண்மையைச் சொன்னார், விழுந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, வேறொரு நாணயத்தைப் பற்றி விசாரிக்கத்தான் போயிருந்தேன். பையில் இருந்த ஸ்லாபைக் காட்டினேன். விளக்கின் கீழே பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்து, வெளிச்சம் நாணயத்தின் மேல் சக்கரம் போலச் சுழல்வதை நெடுநேரம் பார்த்தார். “தம்பி, இதை 62 என்று எவன் போட்டான்? இது 64. குறைந்தது 63 நிச்சயம்” என்றார். நான் இரண்டு ஆண்டுகளாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை அனுபவமுள்ள ஒருவர் வாயால் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று நாணயம் சேர்ப்பவர்களுக்குத் தெரியும். ஸ்லாபோடு அனுப்ப முடியாதா, உள்ளே இருந்தபடியே பார்த்து, தரம் கூடாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பும் முறை இருக்கிறதே அண்ணே, என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “ஸ்லாபுக்குள் இருந்தால் அவர்கள் கண் நாணயத்தைப் பார்க்காது, அந்த 62ஐத்தான் பார்க்கும்” என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, உடைத்த ஸ்லாபுகளிலிருந்து எடுத்த பழைய தரச் சீட்டுகளைக் கத்தையாக அள்ளிக் காட்டி, “இவை எல்லாம் மேலே போனவை” என்றார்.

அந்தக் கத்தைதான் என்னை வீழ்த்தியது. முப்பது நாற்பது சீட்டுகள் இருக்கும். அத்தனை ஸ்லாபுகளை அவர் உடைத்திருக்கிறார் என்பதற்கு மட்டுமே அவை சாட்சி, உடைத்தபின் அந்த நாணயங்கள் என்ன தரம் பெற்றன என்று அவற்றில் ஓர் எழுத்தும் இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. எண்ணிக்கைப் பட்டியலைத் திருத்துவதற்காக நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய சீட்டுகள் அவருடைய இழுப்பறையில் ஏன் கிடக்கின்றன என்றும் நான் கேட்கவில்லை. “உடைக்கட்டுமா?” என்றார். தலையாட்டினேன். வெட்டுக்குறட்டை ஸ்லாபின் மூலையில் வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் விரியும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சத்தத்தோடு நாணயத்தின் தரம், அதன் சான்றெண், நிறுவனத்தின் உத்தரவாதம் மூன்றும் போயின.

ரசீதில் ‘வெள்ளி நாணயம், 1895, எண்ணிக்கை 1’ என்று எழுதினார். 62 என்ற எண் அதில் இல்லை. அனுப்புதல், காப்பீடு, தரக் கட்டணம், தயாரிப்பு என்று 310 வெள்ளி வாங்கிக்கொண்டார். தரம் உயர்ந்தால் கூடும் விலையில் பத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்றும் பேச்சு. ‘தயாரிப்பு’ என்றால் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து நாணயம் திரும்பி வந்தது. புதிய ஸ்லாபின் சீட்டில் எண்ணே இல்லை. புழங்காத நாணயம், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்ற பொருளில் ‘டீட்டெயில்ஸ்’ என்று மட்டும் இருந்தது. நாணயத்தையே மாற்றிவிட்டாரோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து, வாங்கியபோது எடுத்து வைத்திருந்த படங்களோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டேன். கப்பலின் பாய்க்குச் சற்று மேலே இருந்த பிறை போன்ற வடு அங்கேயே இருந்தது. நாணயம் மாறவில்லை, என்னுடையதேதான். ஆனால் விளிம்பை ஒட்டிப் படர்ந்திருந்த மெல்லிய பொன்னிறம் முழுவதும் போய், சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடந்தது. சாய்த்துப் பார்த்தால் சக்கரம் சுழலவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில், உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றுப் பரப்பு முழுவதும் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. தயோயூரியாவும் அமிலமும் கலந்த கரைசலில் முக்கினால் வெள்ளியின் கறுப்பு நீங்கும், கூடவே ஒளியைச் சுழலச் செய்யும் நுண்ணிய மேற்பரப்பும் கொஞ்சம் கரையும். நெடுநேரம் ஊறவிட்டு, போதாதென்று துணியால் துடைத்தும் இருக்கிறார்கள். என் படங்களில் இல்லாத கோடுகள், நான் கேட்காத ‘தயாரிப்பு’, அதற்கு நான் கொடுத்த காசு. வேறு மூன்று வியாபாரிகளிடம் காட்டினேன். கிடைத்த உச்ச விலை 350 வெள்ளி. 2,450உம் 310உம் சேர்த்து 2,760. அதில் 350 போக 2,410 வெள்ளி.

கடைக்காரரிடம் முதல் நாள் கேட்டபோது, தரம் பார்த்தவர் அன்று என்ன மனநிலையில் இருந்தாரோ என்றார். படங்களைக் காட்டியபோது, கைப்பேசிப் படத்தில் எல்லா நாணயமும் அழகாகத்தான் தெரியும் என்றார். முக்கினீர்களா என்று நேராகக் கேட்டதற்கு, “எல்லோரும் செய்வதுதான், தூசியைத்தான் எடுத்தோம்” என்று முதலில் சொல்லி, இரண்டு நாள் கழித்து, பொட்டலம் கட்டியதைத் தவிர நாங்கள் எதையும் தொடவில்லை என்று மாற்றினார். அடுத்த வாரம், இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பலாம், கட்டணத்தில் பாதியை நானே போட்டுக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையோடு பேசினார். துடைத்துக் கோடு விழுந்த பரப்பு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் துடைத்த பரப்புதான் என்பது அவருக்குத் தெரியாதா? பிறகு போனபோது, முதலாளி நாணயக் கண்காட்சிக்காக ஹாங்காங் போயிருக்கிறார் என்று கடைப் பையன் சொன்னான். உள்ளறையில் அவர் யாருடனோ பேசும் குரல் எனக்குக் கேட்டது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய நீண்ட செய்திகளில் நீலக் குறி மட்டும் விழும். கடைசியாக வந்த பதில் ஒரே வரி: “உடைக்கச் சொல்லித் தலையாட்டியது நீங்கள்தானே.”

அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை, ஏனென்றால் அது உண்மை. உடைக்கத் தலையாட்டினேன். அமிலத்தில் முக்கவோ துடைக்கவோ நான் தலையாட்டவில்லை. உயர்ந்தால் அவருக்குப் பங்கு, கெட்டால் அவருக்கு 310 வெள்ளி, எப்படிப் போனாலும் அவர் கையிலிருந்து ஒரு காசு போகாது என்ற கணக்கை அந்த மேசை முன்னாலேயே நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நூற்றுமுப்பது ஆண்டுகள், இரண்டு உலகப் போர்கள், உருக்கும் உலைகள் எல்லாவற்றையும் தப்பி வந்த ஒரு பரப்பு, ஒரு கடையின் பின்னறையில் ஒரு கிண்ணத்தில் அழிந்தது. 2,410 வெள்ளி திரும்பி வந்தாலும் அது வராது.

ஆலோசனை சொல்வதாக எழுதியிருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லாபை யார் கேட்டாலும் உடைக்க விடாதீர்கள். தரம் கூடும் என்று தோன்றினால், உள்ளே இருந்தபடியே மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். ரசீதில் சான்றெண், தரம், ‘சுத்தம் செய்யக் கூடாது’ என்ற மூன்றையும் எழுதி வாங்காமல் நாணயத்தைக் கையைவிட்டு நகர்த்தாதீர்கள். இருபுறமும், சாய்த்த வெளிச்சத்திலும், படம் எடுத்து வையுங்கள். பழைய சீட்டுக் கத்தையைக் காட்டினால் அவற்றின் புதிய சீட்டுகள் எங்கே என்று கேளுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு: சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும், இரண்டு ஆண்டுகளுக்குள் பதிந்துவிட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. நான் நாளை பதிகிறேன். ரசீதையும், மூன்று வார வாட்ஸ்அப் செய்திகளையும், பழைய படங்களையும் இன்றிரவே வரிசைப்படுத்த வேண்டும். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.