பவளத் தொட்டிக்குக் கடல்நீரா, உப்புக் கலவையா?

திருகோணமலையில் முதல்முதலாகப் பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) வைப்பவர்கள் கேட்பது இதுதான்: கடல் பக்கத்திலேயே இருக்க, கடல்நீருக்குப் பதிலாகக் கரைக்கக் கடையில் விற்கும் உப்புத் தூளுக்கு ஏன் காசு?

செலவு
கடல்நீர்: கலனும் ஆட்டோக் காசும் போதும்.
கலவை: 100 லீட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் தூள். கூடவே ஆர்.ஓ. தண்ணீரும் (சவ்வு வடிகட்டியில் சுத்தமாக்கிய நீர்) வேண்டும். கிணற்று நீரில் கரைத்தால் அதிலுள்ள நைத்திரேற்று பாசியைத்தான் வளர்க்கும்.

நம்பகம்
கடல்நீர்: விஷயமே இங்கேதான். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் ஆறு பெருகினால் குடாவின் மேல்தண்ணீர் கலங்கி உப்பும் குறையும். பவளத்துக்குச் சாரடர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பின் அளவை இதில்தான் பார்ப்போம்) 1.025 அளவில் நிற்க வேண்டும். துறைமுகப் பக்கம் எண்ணெய்ப் படலமும் இருக்கலாம். எடுப்பதானால் நிலாவெளிப் பக்கம், மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு எடுங்கள். துணியில் வடித்து, அளந்து பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.
கலவை: எந்த மாதமும் ஒரே மாதிரி.

சிரமம்
கடல்நீர்: சுமந்தே முதுகு போய்விடும்.
கலவை: இரவில் பம்பு போட்டுக் கரைத்தால் காலையில் தயார்.

எதுவானாலும், ஆவியாகிக் குறைவதை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். நம் வெயிலுக்கு இது தினசரி வேலை. அப்புறம், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு பவளத் துண்டுகூட எடுக்காதீர்கள், தயவுசெய்து.

சின்னத் தொட்டி, வேலைக்குப் போகிறவர் என்றால் கலவையே சரி. பெரிய தொட்டியும் வாகனமும் இருந்தால் கடல்நீர். மாரிக்கு மட்டும் ஒரு வாளித் தூள் வாங்கி வையுங்கள்.