நீர்ச் சுழற்சிப் பாடத்துக்கு எந்த இணையக் கருவி உதவும்?

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நீர்ச் சுழற்சி நடத்த இணையத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: கடல், சூரியன், மேகம், மலை, ஆறு, நான்கு அம்புக்குறிகள். ‘ஆவியாதல்’ என்ற சொல்லை இழுத்துக்கொண்டுபோய் மேல்நோக்கும் அம்பில் விட்டால் பச்சை நிறம் வரும். தவறான இடத்தில் விட்டால் சொல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். ஆகவே மாற்றி மாற்றிப் போட்டே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம், பாடம் துளியும் புரியாமல். கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: குழந்தை எதையாவது மாற்றினால் நீரும் வேறு மாதிரி நடந்துகொள்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் முதலில் நிற்பது, நீர்ச் சுழற்சிக்கென்றே செய்யப்படாத ஒரு கருவி.

அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஃபெட்’ தளத்தில் ‘ஸ்டேட்ஸ் ஆஃப் மேட்டர்: பேசிக்ஸ்’ என்ற சிமுலேஷன் இருக்கிறது. இலவசம். ஒருமுறை டவுன்லோட் செய்துகொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நியான், ஆர்கான், ஆக்சிஜன், நீர் என்ற நான்கில் நீரைத் தேர்ந்தெடுங்கள். வெப்பமானி கெல்வினில் இருந்தால் செல்சியஸுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குழந்தைகள் எண்ணைப் பார்த்தே மிரளுவார்கள். திண்ம நிலையில் தொடங்கி, கீழே உள்ள ஸ்லைடரை மேலே தள்ளிப் பிடியுங்கள். கையை எடுத்தால் ஸ்லைடர் நடுவுக்குத் திரும்பிவிடும். சின்னவர்கள் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பார்கள், பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. பனிக்கட்டியில் நின்ற இடத்திலேயே நடுங்கும் மூலக்கூறுகள் மெல்ல நழுவி, பிறகு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு மேலே போவதைப் பார்க்கலாம். குளிர்விப்பதற்கு முன்பு நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஸ்லைடரைக் கீழே இழுத்தால், ஆவி சுருங்குதல் என்பது மனப்பாடச் சொல்லாக நிற்காமல் கண்ணெதிரே நடந்த நிகழ்ச்சியாகிவிடும்.

குறையும் இங்கேதான். பாத்திரத்தின் அடியில் தீ எரிவதாகக் காட்டுவதால், அடுப்பு இருந்தால்தான் நீர் ஆவியாகும் என்ற எண்ணம் குழந்தைகளிடம் இன்னும் வலுத்துவிடும். கொதிப்பதும் ஆவியாவதும் ஒன்று என்பது இந்தப் பாடத்தில் மிகப் பரவலான தவறான புரிதல். இதைத் திரையால் சரிசெய்ய முடியாது. இரண்டு தட்டுகளில் 5 மில்லி தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வையுங்கள். நிழலில் இருப்பதும் காய்ந்துபோகும், நேரம்தான் கூடுதலாக ஆகும். தீயே இல்லாமல் நீர் எங்கே போனது என்ற கேள்வியைக் குழந்தைகளே கேட்பார்கள்.

மேகத்தைப் பொறுத்தவரை எந்தக் கருவியும் திருப்தியாக இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகமாகத் தெரிவது நீர்த்துளிகளும் பனித்துகள்களும். ஒரு மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர், மழைத்துளியின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அதாவது ஒரு மழைத்துளிக்கு ஏறத்தாழ 10 லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். அனிமேஷன்கள் வெள்ளை ஆவியை அப்படியே மேலே ஏற்றி மேகமாக்கிவிடுகின்றன. ஓடவிடும்போது அந்த இடத்தில் நிறுத்தி, ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் பள்ளிகளுக்காக வைத்திருக்கும் ஊடாடும் வரைபடம். தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை என மூன்று படிகளில் கிடைக்கிறது. சுட்டியைக் கொண்டுபோனால் அந்தந்த இடத்துக்கான விளக்கம் திறக்கும். ப்ரொஜெக்டரில் போட்டு மவுஸால் நடத்த அருமையானது. கையில் டேப்லெட் கொடுத்தால் சுகப்படாது. தொடுதிரையில் ‘சுட்டியை மேலே நிறுத்துவது’ என்ற ஒன்றே கிடையாது, விரல் பட்டால் கிளிக்தான். இதே மையம் 2022இல் புதிய வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் வயல், நகரம், அணை, தொழிற்சாலை எல்லாம் சேர்ந்துவிட்டன. இது மிக அவசியமான மாற்றம். பல நாடுகளின் நீர்ச் சுழற்சிப் படங்களை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சுமார் 15 விழுக்காட்டுப் படங்களே மனிதரின் பங்கைக் காட்டியிருந்தன. தன் வீட்டுக் குழாய்க்கும் சுழற்சிக்கும் தொடர்பே இல்லை என்று குழந்தை நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் புதிய படம் நெரிசலானது. நான்காம் வகுப்புக்குக் கீழே அதை முழுதாகக் காட்டாமல், ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

படம் எதுவானாலும் அளவு தெரியாது. ஆறும் கடலும் ஏறக்குறைய ஒரே பெரிதாக இருக்கும். அதற்கு 1 லிட்டர் பாட்டில் போதும். உலகின் மொத்த நீர் அது என்றால் நன்னீர் 25 மில்லி. அதில் 17.2 மில்லி பனிப்பாறைகளிலும் பனிப்படலங்களிலும், 7.5 மில்லி நிலத்தடியிலும் இருக்கிறது. ஏரி, ஆறு, மண் ஈரம், காற்றின் ஈரம் எல்லாமே மிச்சமிருக்கும் 6 துளிக்குள் அடக்கம். துளிகளை டிராப்பரால் எண்ணி எண்ணி விடுங்கள், வகுப்பே வாய்மூடிப் பார்க்கும்.

மூன்றாவது, நீர் பற்றிய கல்விக்கான ‘ப்ராஜெக்ட் வெட்’ அமைப்பின் பகடை விளையாட்டு. குழந்தையே நீர்த்துளியாகி மேகம், செடி, விலங்கு, ஆறு, கடல், ஏரி, நிலத்தடி நீர், மண், பனிப்பாறை என்ற 9 நிலையங்களுக்கு இடையே பயணம் போக வேண்டும். பகடைக்குப் பதில், இணையத்தில் கிடைக்கும் சுழல்சக்கரத்தில் நிலையத்துக்கு ஒன்றாக 6 பங்குள்ள சக்கரங்கள் செய்துகொள்ளலாம். கடல் சக்கரத்தில் 4 பங்கு ‘இங்கேயே இரு’, 2 பங்கு ‘மேகத்துக்குப் போ’. செடியில் 4 பங்கு மேகம், 2 பங்கு ‘இரு’. 9 சக்கரங்களையும் ஒரே கணினியில் திறந்தால் டேப்களில் தொலைந்துபோவார்கள், நிலையத்துக்கு ஒரு கருவி வைப்பதே உசிதம். கருவிகள் குறைவென்றால் அட்டையில் பகடை செய்துவிடுங்கள், பாடத்துக்கு ஒரு குறையும் வராது. பதிவுக்குக் கூகுள் ஷீட்ஸில் ஆளுக்கு ஒரு வரிசை, 10 சுற்றுக்கு 10 கட்டங்கள். ஒருவர் வரிசையை மற்றவர் அழித்துவிடுவது வழக்கமாக நடக்கும், பெயர்ப் பத்தியை முன்பே பூட்டி, வரிசைகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்துவிடுங்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இதைத்தான் பரிந்துரைப்போம். நீர் வட்டமாகச் சுற்றுவதில்லை, தங்கித் தங்கிப் போகிறது என்பதைக் கடலிலேயே மாட்டிக்கொண்ட குழந்தை சலிப்பாலேயே கற்றுக்கொள்கிறது. நேரக்கணக்கில்தான் விளையாட்டு தடுமாறுகிறது. சக்கரப்படி பார்த்தால் கடலில் சராசரியாக 3 சுற்றும் மேகத்தில் ஒன்றுக்குச் சற்று மேலும் தங்க வேண்டும். உண்மையிலோ காற்றில் நீர் சுமார் 9 நாட்களும், கடலில் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாகவும் தங்குகிறது. வித்தியாசம் லட்சம் மடங்கைத் தாண்டும். ஐந்தாம் வகுப்பென்றால் இந்த எண்களைக் கொடுத்து, சக்கரத்தை எப்படித் திருத்தலாம் என்று கேளுங்கள். மூல விளையாட்டில் மனிதருக்கென்று நிலையம் இல்லாததால், 10ஆவதாக ‘ஆழ்துளைக் கிணறு’ ஒன்றைச் சேர்த்து, நிலத்தடி நீரின் மூன்று ‘இரு’ பங்குகளில் ஒன்றை அதற்கு மாற்றிவிடுங்கள். கிணற்றின் 6 பங்குகள் எங்கெங்கே போக வேண்டும் என்பதைக் குழந்தைகளே தீர்மானிக்கட்டும்.