கண் ஒத்தடப் பட்டைகள்: சூடு இமைக்குள் போய்ச் சேர்கிறதா?

கண் வறட்சிக்காக மூடிய இமைமேல் சூடாக வைக்கும் கண் ஒத்தடப் பட்டை வாங்குகிறவர்கள் அதைச் சூடாக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுகிறார்கள். உள்ளங்கைத் தோல் தடித்தது. இமைத்தோலோ உடம்பிலேயே மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கைக்கு இதமாக இருப்பது இமையைச் சுட்டுவிடலாம். அதோடு, சூடு போய்ச் சேர வேண்டிய இடம் இமைத்தோல் அல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள். அங்கே போதுமான சூடு போதுமான நேரம் நிற்கிறதா என்பதை வைத்துத்தான் இந்தப் பொருளை எடைபோட வேண்டும்.

மேலிமையை வெளியிலிருந்து உள்ளே பிரித்துப் பார்த்தால் முதலில் தோல். அடுத்து, கண்ணை மூட வைக்கும் வட்டத்தசை. அதற்குப் பின்னால் இமைத்தட்டு: இமைக்கு விறைப்பும் வளைவும் தரும் அடர்ந்த நார்த்திசு. குருத்தெலும்பு என்று பலரும் சொல்வது தவறு. மேலிமையில் இந்தத் தட்டு நடுவில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயரம். கீழிமையில் அதில் பாதிகூடத் தேறாது. இந்தத் தட்டுக்குள்தான் மெய்போமியன் சுரப்பிகள் எனப்படும் அந்த எண்ணெய்ச் சுரப்பிகள் செங்குத்தாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. அவற்றின் வாய்கள் இமை விளிம்பில், மயிர் வரிசைக்குச் சற்றுப் பின்னால் திறக்கின்றன. தட்டின் பின்புறத்தில் கண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரமான சவ்வு. கண்ணுக்குள் போட்ட மருந்து இந்தச் சுரப்பிகளின் அடைப்பை எளிதில் இளக்காது. சூடு வெளியிலிருந்து தோலையும் தசையையும் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

வரும் வழியில் ஒரு தடை இருக்கிறது. இமையில் இரத்த ஓட்டம் மிக அதிகம். வெளியே வைத்த சூட்டை இரத்தம் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் ஒரு நிமிட ஒத்தடம், எவ்வளவு சுடச்சுடக் கொடுத்தாலும், தோலைச் சிவக்க வைப்பதோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சுரப்பிகள் தரும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி அது ஆவியாகாமல் காக்கிறது. நல்ல நிலையில் அது சமையல் எண்ணெய் போலத் தெளிவாக ஒழுகும். கெட்டுப்போனால் பற்பசை போல இறுகிச் சுரப்பியின் வாயை அடைக்கும். எரிச்சல், மண் விழுந்த உறுத்தல், இமைத்தால் தெளிந்து உடனே மறுபடி மங்கும் பார்வை, வறட்சியால் வரும் நீர் வடிதல் எல்லாம் இதன் விளைவுகள். இறுகிய எண்ணெய் இளக, இமையின் உட்புறம் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். வெளித்தோலில் 45 டிகிரியைத் தாண்டினால் புண்ணாகும் ஆபத்து தொடங்குகிறது. இந்த ஐந்து டிகிரி இடைவெளிக்குள் பத்து நிமிடம் நிற்பதுதான் ஒத்தடப் பட்டைக்கு வைக்கும் தேர்வு.

முதலில் வெந்நீரில் நனைத்த துணி. செலவு இல்லை, ஈரச் சூடு, முகத்தின் வளைவுக்கு நன்றாகப் படியும். ஆனால் இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். நாலைந்து சிறு துண்டுகளை நனைத்துச் சுருட்டி, ஒன்றை மற்றொன்று மூடும்படி மூடிய பாத்திரத்தில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்றை எடுத்துப் போட்டால் இதுவும் வேலை செய்யும். ஒரே துணியைப் பத்து நிமிடம் கண்ணில் போட்டுப் படுத்திருப்பதில் பயனில்லை; கடைசி எட்டு நிமிடம் அது குளிர்ந்த துணி.

சிறு மணிகளோ விதைகளோ நிரப்பி மைக்ரோவேவில் சூடாக்கும் பட்டையே நமது முதல் தேர்வு. இதிலும் தரம் வெகுவாக மாறுபடுகிறது. உள்ளே இருப்பது ஈரம் உறிஞ்சும் மணிகளா, ஆளி விதையா என்று முதலில் பாருங்கள். மணிகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு சூடானதும் ஆவியாக விடுகின்றன. அதனால்தான் அடுத்தடுத்து இரண்டு முறை சூடாக்கினால் இரண்டாவது முறை வெறும் வறட்டுச் சூடாகிவிடுகிறது. இடையில் சில மணி நேரமாவது திறந்த இடத்தில் கிடக்க வேண்டும். ஆளி விதையும் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் சூடு கூடினால் கருகும், நாளானால் சிக்கெடுத்த வாடை வரும், நனைந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாவது சோதனை தையல். இரண்டு கண்ணுக்கும் தனித்தனி அறையாகத் தைத்திருக்க வேண்டும். ஒரே பையாக இருந்தால் தலையைச் சாய்த்ததும் மணிகள் காதோரப் பொட்டுப் பக்கம் ஒதுங்கி, மூக்கோரத்து இமையின் மேல் வெறும் துணி மட்டும் மிஞ்சும். கண் பகுதி சற்றுக் குழிந்து, புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் எடையைத் தாங்கும்படி இருந்தால் நல்லது. தட்டையான கனத்த பட்டையைக் கச்சிதமாக இறுக்கிக் கட்டினால் எடை முழுவதும் விழியின் மேல் இறங்கும். எடுத்த பிறகு சில நிமிடம் பார்வை மங்கலாகத் தெரிவது பலருக்கும் இந்த அழுத்தத்தால்தான். கருவிழியின் வடிவம் தற்காலிகமாக மாறுகிறது. சூடான கருவிழி அழுத்தத்துக்கு இன்னும் எளிதாக வளைந்து கொடுக்கும். நாடா நழுவாமல் இருந்தால் போதும், இறுக்கம் தேவையில்லை. படுத்துக்கொண்டு செய்தால் நாடாவே வேண்டாம்.

சூடாக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்புகளின் வாட் அளவு வேறுவேறு. உறையில் போட்டிருக்கும் வினாடிக் கணக்கு எல்லா அடுப்புக்கும் பொருந்தாது. பொதுவாக 20 முதல் 30 வினாடி என்பார்கள். 15 வினாடியில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டி, உங்கள் அடுப்புக்கு எது சரி என்று ஒருமுறை கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஓர் இடத்தில் குவியும் என்பதால் வெளியே எடுத்ததும் குலுக்கி மணிகளைக் கலக்க வேண்டும். பிறகு மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், உள்ளங்கையில் அல்ல. அங்கே பத்து வினாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் இமைக்கு அது ஆகாது. அதே நாளில் வேறொருவர் பயன்படுத்த வேண்டுமானால், கழற்றித் துவைக்கும் வெளியுறை இருந்தால்தான் சரி. உறையைப் பிரிக்க முடியாத பட்டையை வாங்காதீர்கள். இமை விளிம்பின் பொடுகும் ஒப்பனைப் பூச்சும் அதில்தான் ஒட்டுகின்றன.

யூஎஸ்பி மின்பட்டையின் பலம், பத்து நிமிடமும் ஒரே சூட்டில் நிற்பது. நேரம் முடிந்ததும் தானாக அணையும் வசதியும் பலவற்றில் உண்டு. குறைகள் இரண்டு. பெரும்பாலும் வறட்டுச் சூடு. ஏற்கெனவே வறண்ட தோலுள்ளவர்களுக்கு இமை ஓரம் செதில் விடலாம். அடுத்தது, காட்டும் எண்ணுக்கும் உண்மையான சூட்டுக்கும் உள்ள தூரம். சூடேறும் இழை துணியின் நடுவில் இருக்கிறது. கண் குழிக்குள் பட்டை படியாமல் காற்று இடைவெளி விழுந்தால் எண் 42 காட்டினாலும் இமைக்குப் போவது அதைவிடக் குறைவு. அதனால் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். இழை ஒட்டியிருக்கும் பொட்டுப் பகுதி சிவந்துபோகிறது. 45 டிகிரிக்கு மேல் நிலை வைத்திருக்கும் கருவியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இதைக் கட்டிக்கொண்டு தூங்கவும் கூடாது.

ஒருமுறை மட்டும் பயன்படும் ஆவிப் பட்டைகளில் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் வேலை செய்கிறது. 40 டிகிரி அளவு, ஈரமும் உண்டு, பயணத்தில் அருமை. தோலுக்கே 40 டிகிரி என்றால் இமையின் உட்புறம் அதற்குக் குறைவாகத்தான் போகும். களைப்புக்குப் போதும், இறுகிப்போன அடைப்புக்குப் போதாது.

எந்தப் பட்டையானாலும் அது வேலையில் பாதியைத்தான் செய்யும். இளகிய எண்ணெயை வெளியே தள்ளாவிட்டால் அது திரும்பவும் இறுகும். பட்டையை எடுத்தவுடன், சூடு ஆறுவதற்குள், கையைக் கழுவிக்கொண்டு கண்ணை மூடி, மேலிமையை மேலிருந்து விளிம்பு நோக்கிக் கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரல் நுனியால் மெல்ல வழித்துவிட வேண்டும். ஒவ்வோர் இமையிலும் ஐந்தாறு தடவை போதும். விழியை அமுக்கவோ வட்டமாகத் தேய்க்கவோ கூடாது. கருவிழி கூம்பும் நோய் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யவே வேண்டாம். பிறகு பஞ்சையோ இமைத் துடைப்பானையோ கொண்டு மயிரடியில் ஒட்டியிருப்பதைப் பக்கவாட்டில் துடைக்கலாம்.

அடுத்து, முழுதாக இமைத்தல். கண்ணிமைக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்புத் தசை சுரப்பிகளைப் பிழிந்து ஒரு துளி எண்ணெயை வெளியே விடுகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்க வேண்டிய கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதும் பல நேரம் அரைகுறை, மேலிமை கீழிமையைத் தொடாமலே திரும்பிவிடும். கண்ணை மெல்ல மூடி இரண்டு வினாடி நிறுத்தி, லேசாக இறுக்கித் திறப்பதைப் பத்து முறை செய்யுங்கள். பட்டையோடு வரும் குறிப்புத்தாளில் இது இருப்பதில்லை.

தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு வேளை, சில வாரம் கழித்து ஒரு வேளை. மூன்றே நாளில் பலன் இல்லை என்று பட்டையை மூலையில் போடாதீர்கள். ஒட்டுக்கண்ணாடி வில்லைகளை (காண்டாக்ட் லென்ஸ்) கழற்றிவிட்டு, ஒப்பனையைத் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒட்டு இமைமயிர் வைத்திருந்தால் சூட்டில் பசை இளகும். அண்மையில் கண் அறுவை செய்தவர்கள், முகத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், சுடுவதைச் சொல்லத் தெரியாத சிறு குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. இமை முழுவதும் வீங்கிச் சிவந்து காய்ச்சலோ வலியோ இருந்தால் பட்டையைப் பயன்படுத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்கட்டிக்கும் இதே பட்டையைப் பயன்படுத்தலாம். மயிரடியில் வலியோடு வரும் கட்டி ஒன்றிரண்டு வாரத்தில் உடைந்து ஆறும். மெய்போமியன் சுரப்பி அடைத்து இமை நடுவில் வலியில்லாமல் உருளும் கட்டி கரைய வாரக்கணக்கில் ஆகும். எப்படி ஒத்தடம் கொடுத்தாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டியை, குறிப்பாக வயதானவர்களுக்கு அங்கே இமைமயிரும் உதிர்ந்திருந்தால், ஒத்தடத்தால் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அப்படித்தான் சாதாரணக் கட்டி வேடத்தில் வரும். திசுவை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.