கிளிவ்டனா, கிரேவ்டையா, மிடில்தார்ப்பா? ஒரே ஒரு இரவுக்கு எந்த மாளிகை

இங்கிலாந்தில் பிரபுக்கள் வாழ்ந்த கிராமத்து மாளிகைகள் பல இன்று சொகுசு ஹோட்டல்கள். வாடகை எங்குமே அதிகம். ஒரு இரவுக்குத்தான் கைக்காசு இடம் கொடுக்கும் என்றால், நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அறை எடுத்தவருக்கு மட்டுமே கிடைப்பது என்ன?

புகழில் கிளிவ்டனை மிஞ்ச ஆளில்லை. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கு மேலே உயரமான மேட்டில் நிற்கிறது. முன்பிருந்த வீடுகள் 1795-லும் 1849-லும் எரிந்துபோயின. இப்போதுள்ளதை வடிவமைத்தவர் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த அதே சார்ல்ஸ் பாரி. பிரிட்டிஷ் மக்களவையில் 1919-இல் முதன்முதலாக உறுப்பினராக அமர்ந்த பெண் நான்சி ஆஸ்டர். அவருக்கும் கணவருக்கும் மாமனார் கல்யாணப் பரிசாகக் கொடுத்த வீடு இது. ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த நான்சியின் ஓவியம் பெரிய கூடத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் அமைச்சர் புரோஃபுமோ 1961-இல் கிறிஸ்டின் கீலர் என்ற இளம் மாடலைச் சந்தித்ததும் இங்கே நீச்சல் குளத்தருகேதான். அவர்களுடைய ரகசிய உறவு அம்பலமாகி 1963-இல் அமைச்சரின் பதவியைப் பறித்தது.

ஆனால் இந்த இடம், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் சொத்து. தோட்டம், நதிக்கரை, மாளிகைக்கு முன்னால் கோலம் போட்டது போல் விரியும் மலர்ப் பாத்திகள் எல்லாவற்றையும் பகல் டிக்கெட்டிலேயே சுற்றிப் பார்க்கலாம். அறை வாடகைக்கு அதிகப்படியாகக் கிடைப்பது கூடமும் குளமும் மாலை நேரமும்.

மேற்கு சசெக்ஸில் உள்ள கிரேவ்டை மேனரில் நிலைமை நேர் எதிர். 1598-இல் கட்டிய கல் வீடு, மொத்தமே 17 அறைகள். 1880-களில் இதை வாங்கி 1935-இல் சாகும்வரை இங்கேயே வாழ்ந்தவர் வில்லியம் ராபின்சன். கண்ணாடிக் கூடத்தில் செடி வளர்த்து, பருவத்துக்குப் பருவம் பிடுங்கி மாற்றி நடும் அந்தக்கால வழக்கத்தை ஆவேசமாக எதிர்த்த தோட்டக்காரர் அவர். கிளிவ்டனில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜான் ஃபிளெமிங் பேர்வாங்கியது அதே வழக்கத்தில்தான்! ராபின்சனோ பல்லாண்டுச் செடிகளையும் புல்வெளியில் தானாய்ப் பரவும் மலர்களையும் நம்பினார். அவர் கட்டிய நீள்வட்டச் சுவர்த் தோட்டத்தில் இன்றும் காய்கனிகள் விளைந்து சமையலறைக்குப் போகின்றன. இந்தத் தோட்டம் பொதுவாகத் தங்குபவருக்கும் சாப்பிட வருபவருக்கும்தான். விடியற்காலையில் யாருமில்லாமல் அதில் நடப்பதற்காகவே நான் பணம் கொடுப்பேன்.

அப்புறம் யார்க் நகர எல்லையில் மிடில்தார்ப் ஹால். சுமார் 1700-இல் எழுந்த செங்கல் வீடு. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழையே கொஞ்சம் தோலில் கீறிச் செலுத்தி அந்த நோயைத் தடுக்கும் முறையைத் துருக்கியில் கண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த மேரி வொர்ட்லி மான்டேகு சில காலம் இங்கே குடியிருந்தார். யார்க் பேராலயத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வசதி. இந்த வீட்டுக்காகவே யார்க் வரை போகலாமா என்றால், அவ்வளவு தூரம் வேண்டாம் என்பேன்.

என் தேர்வு கிரேவ்டை. அறை எடுக்கக் கட்டுப்படியாகாவிட்டால் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யுங்கள், கோடையில் போங்கள். கிளிவ்டனுக்குப் பகல் டிக்கெட் போதும்.