பெயிண்ட் அடித்து வந்த ஃபைபர் ஸ்பிரிங்: பழைய கார்வெட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

திருப்பூர்க்காரர் ஒருவரின் 1974 கார்வெட்டுக்கு (அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது ஜிஎம், செவர்லே என்ற பெயரில் விற்ற ஸ்போர்ட்ஸ் கார்) பின்பக்க ஸ்பிரிங் தேவைப்பட்டது. கோவையில் பழைய இறக்குமதி உதிரிபாகம் விற்கும் ஒருவர், "ஒரிஜினல் ஜிஎம் ஃபைபர் ஸ்பிரிங்குங்ணா, 81 மாடல் வண்டியில கழட்டினது, அதிகம் ஓடாததுங்" என்று சொல்லி 46,000 ரூபாய்க்குக் கொடுத்தார். வந்தது ஒரிஜினலும் இல்லை, நல்ல நிலையிலும் இல்லை. மாட்டிய பட்டறை அதை இன்னும் கெடுத்தது. எங்கெங்கே என்னென்ன பார்த்திருந்தால் இது முதலிலேயே பிடிபட்டிருக்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த வண்டியின் அமைப்பு. 1963 முதல் 1982 வரை வந்த கார்வெட்டில் பின்பக்கம் ஒரே ஒரு ஸ்பிரிங்தான். லாரியில் இருப்பதுபோல, பட்டைகளை அடுக்கிக் கட்டிய கட்டு நீளவாக்கில் இரண்டு கிடையாது. ஒரே கட்டு குறுக்கே கிடக்கும். அதன் நடு, டிஃப்ரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) கவரின் அடியில் நான்கு போல்ட்டில் இறுகியிருக்கும். இரண்டு முனைகளும் நீளமான போல்ட், ரப்பர் புஷ்ஷோடு, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்மில் தொங்கும். இரும்புக் கட்டு சுமார் 20 கிலோ. 1981-இல் செவர்லே அதற்குப் பதிலாகக் கண்ணாடி இழை ஒற்றைப் பட்டையைப் போட்டது. எடை 8 பவுண்டு, அதாவது 3.6 கிலோ. அதுவும் எல்லா வண்டிக்கும் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர், சாதாரண சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு மட்டும். 1984 மாடல் முதல் வந்த அடுத்த தலைமுறையில் முன்னாலும் பின்னாலும் ஃபைபர்தான் என்பதால் பழைய சந்தையில் அவைதான் அதிகம் கிடைக்கும். அவை இந்த வண்டிக்கு நேராக உட்காராது. "கார்வெட் ஃபைபர் ஸ்பிரிங்" என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் எந்த வருட வண்டி, முன்னாலா பின்னாலா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்த விஷயத்தில் தராசே போதுமானதாக இருந்தது. பார்சல் ஆபீஸ் தராசில் ஸ்பிரிங் 5.9 கிலோ நின்றது. போல்ட், பிளேட், ரப்பர் எதுவும் கூட வரவில்லை. வெறும் பட்டை மட்டும் அவ்வளவு. 3.6 கிலோ இருக்க வேண்டிய பொருள் 5.9 இருந்தால் அது வேறு யாரோ செய்த பட்டை என்று அங்கேயே தெரிந்துவிடும். வெளி நிறுவனங்கள் செய்த பட்டைகளில் நல்லவையும் உண்டு, தப்பில்லை. ஆனால் எவர் செய்தது, என்ன விறைப்பு என்று தெரியாத பட்டையை 46,000-க்கு ஒரிஜினல் என்று வாங்குவது வேறு கதை.

அடுத்தது பெயிண்ட். பளபளவென்று கறுப்பு, அதுவும் புதிதாக அடித்தது. பழைய ஃபைபர் ஸ்பிரிங்கில் புது பெயிண்ட் இருந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. காரணம் இருக்கிறது. இந்தப் பட்டையில் கண்ணாடி இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளவாக்கில் ஓடுகின்றன, எபாக்சி பிசின் அவற்றைப் பிடித்து வைக்கிறது. கெட்டுப்போகும்போது இரும்பு மாதிரி பட்டென்று ஒடிவது குறைவு. ஓரத்தில் இழை சிலும்பும், நீளவாக்கில் கோடு விடும், உள் அடுக்குகள் பிரிந்த இடம் வெளுத்துத் தெரியும், சூடு பட்ட இடம் பழுப்பாகும். இந்த நான்கு அடையாளத்தையும் ஒரு கோட் பெயிண்ட் மறைத்துவிடும். இதில் இடது பக்க ஓரத்தில் கறுப்பைச் சுரண்டியதும் பாடி பட்டி வெளியே வந்தது. சுமார் 60 மிமீ நீளத்துக்கு இழை கிழிந்து எழுந்த இடத்தில் கார் பாடிக்குப் பூசும் பட்டியை வைத்து, எமரி போட்டு, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். பட்டி பார்வைக்குச் சமமாக இருக்கும்; ஒரு கிலோ சுமையைக்கூடத் தாங்காது.

பெயிண்ட் இல்லாத பட்டையாக இருந்தால் சோதிப்பது சுலபம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து முழுக்கத் துடைக்க வேண்டும். மேற்பரப்பு உடனே உலர்ந்துவிடும், விரிசலுக்குள் போனது உலராமல் மெல்லிய கறுப்புக் கோடாக நிற்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பெயிண்ட் ரிமூவர், தின்னர் வேண்டவே வேண்டாம், பிசினைத் தின்றுவிடும். நாணயத்தால் தட்டிப் பார்ப்பதும் உதவும்: நல்ல இடம் கணீரென்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஆனால் நடுவில் பட்டை தடிமனாக இருப்பதால் அங்கே தட்டிப் பார்த்ததை மட்டும் நம்ப முடியாது.

எந்த முகத்தைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்? அடி முகத்தை. வண்டியின் எடை நடுவைக் கீழே அழுத்துகிறது, சக்கரங்கள் முனைகளை மேலே தூக்குகின்றன. ஆகவே இழுவிசை முழுக்க அடிப்பக்க இழைகளுக்குத்தான். கல் தெறிப்பதும் அங்கேதான், தெரியாதவர்கள் ஜாக்கி கொடுப்பதும் அங்கேதான். மேல் முகத்தில் கவனிக்க வேண்டியது வேறு. 1968 முதல் இந்த வண்டிகளில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அது கசிந்த வண்டிகளில் ஆசிட் கீழே இறங்கி ஃபிரேமை அரித்திருக்கும். கண்ணாடி இழைக்கு ஆசிட் ஆகாது; சுமையில் இருக்கும்போது பட்டால் இழைகள் தானாகவே அறுந்துபோகும். சுண்ணாம்பு பூத்தது போலச் சொரசொரப்பான வெள்ளைத் திட்டு இருந்தால் அந்தப் பட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முனைத் துளைகளிலும் கோளாறு இருந்தது. இரண்டு துளையும் முட்டை வடிவில், பழைய துளைக்குப் பக்கத்தில் மறுபடி டிரில் விட்டுப் பெரிதாக்கியவை. வேறு ஏதோ வண்டிக்காகச் செய்த வேலை. இழை ஓடும் பட்டையில் துளை போடுவது அந்த அகலத்துக்கு இழையை வெட்டுவதுதான். அதை விரிவாக்கினால் முனையில் எஞ்சியிருக்கும் சதை போதாது.

இத்தனைக்கும் பிறகு பட்டறை செய்த வேலை. பட்டையின் நடுவைப் பிடிக்கும் பிளேட் பட்டையைவிடக் கொஞ்சம் குறுகலாக இருந்ததால், ஆங்கிள் கிரைண்டரை எடுத்து ஓரத்தைத் தேய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். இரும்புப் பட்டையில் இப்படிச் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிப் பட்டை வேலை செய்பவர்கள் தேய்ப்பார்கள், சூடு காட்டுவார்கள், வளைவு ஏற்றுவார்கள், உடைந்த ஒரு பட்டையை மாற்றிக் கட்டைத் திரும்பப் பூட்டுவார்கள். அவர்கள் கைக்கு ஈடு இல்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் ஃபைபரில் செல்லாது. சூடு காட்டினால் பிசின் இளகும், தேய்த்தால் அந்த ஓரத்து இழைகள் அறுந்துபோகும். "ஃபைபர்தானுங்க, ஒண்ணும் ஆகாதுங்" என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

போல்ட்டிலும் ஒரு குளறுபடி. ஒன்பது இரும்புப் பட்டை அடுக்கின் உயரம் வேறு, ஒற்றை ஃபைபர் பட்டையின் உயரம் வேறு. பழைய நான்கு போல்ட்டையே திரும்பப் போட்டார்கள். நீளம் அதிகமான போல்ட் கவரில் துளையின் அடியில் போய் முட்டி நின்றுகொள்ளும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் "டக்" என்று சொல்லிவிடும், ஆனால் ஸ்பிரிங் இறுகியிருக்காது. இதுவும் அப்படித்தான், நடுவில் காகிதத் துண்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. 1980-இல் டிஃப்ரன்ஷியல் அலுமினியமாக மாறியதால் 81 வண்டியின் சாமான்கள் 74-இன் இரும்பு கவருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கவரின் துளை ஆழம், பட்டை, பேட் (இடையில் வைக்கும் மெத்தை), பிளேட் சேர்ந்த உயரம் இரண்டையும் வெர்னியரில் அளந்து, போல்ட் துளையின் அடியைத் தொடாமலும் மரை போதுமான அளவு பிடிக்கும்படியும் நீளம் தேர்வுசெய்ய வேண்டும்.

முனைப் போல்ட்கள் அரை அங்குலம். ஒரு பக்கம் அது தொலைந்துபோனதால் உள்ளூர்க் கடையில் எம்12 போட்டுவிட்டார்கள். அரை அங்குலம் 12.7 மிமீ, எம்12 என்பது 12. துளையில் ஆடும், மரையும் வேறு. தலையில் ஆறு கோடு உள்ள கிரேடு 8 அங்குல போல்ட், அதோடு ஸ்பிளிட் பின் போடும் துளை இருக்க வேண்டும். கோவையில் அங்குல ஹை டென்சைல் போல்ட் விற்கும் கடைகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

சரியாக மாட்டும் முறை இது. வண்டியின் ஃபிரேமை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ஒரு முனைக்கு அடியில் ஜாக்கி வைத்து, இடையில் மரக்கட்டை கொடுத்து, போல்ட்டில் சுமை இல்லாத அளவுக்கு மட்டும் தூக்கவும். ஸ்பிளிட் பின், நட் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கினால் அந்தப் பக்கம் தளரும். பிறகு மறுபக்கம். இரும்புக் கட்டில் தேங்கியிருக்கும் விசை கையை முறிக்கப் போதும், ஜாக்கி நழுவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முனைக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. இரண்டு முனையும் தளர்ந்த பிறகே நடுவின் நான்கு போல்ட். ஃபைபரை ஏற்றும்போது நான்கையும் கையால் பூட்டி, இரண்டு முனையும் டிரெய்லிங் ஆர்மிலிருந்து சம தூரம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்து, குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும். பட்டைக்கும் பிளேட்டுக்கும் நடுவே பேட் கட்டாயம். இரும்பு நேராக ஃபைபரைக் கடித்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். சி-கிளாம்ப் போடுவதானாலும் இதே காரணத்துக்காகக் கட்டையோ ரப்பரோ கொடுத்தே போடவும். எக்ஸாஸ்ட் பைப் பட்டைக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வந்தால் பைப்பை நகர்த்துங்கள், இல்லையேல் நடுவில் தகடு வையுங்கள்.

உயரம் பார்ப்பது வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு. முனைப் போல்ட் நீளமானால் வண்டி தாழும், குட்டையானால் உயரும். உயரம் மாறினால் பின் சக்கரங்களின் கேம்பரும் (செங்குத்துச் சாய்வு) டோவும் (உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிய அளவு) மாறும் என்பதால் அலைன்மென்ட் வேலை தனியாக இருக்கிறது, அதைத் தள்ளிப்போடக்கூடாது.

திருப்பூர் வண்டியில் மாட்டிய அன்றே இடது பின்புறம் 18 மிமீ தாழ்ந்திருந்தது. "ஓட ஓடச் சரியாயிடுமுங்" என்றது பட்டறை. ஃபைபர் ஓட ஓடச் சரியாகாது. இருபுறமும் ஒரே நீளப் போல்ட் இருந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கப் பட்டையில்தான் கோளாறு. இடது முனையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முறுக்குச் சத்தம் கேட்டது. பட்டையைக் கழற்றிச் சோதனைக் கூடத்தில் நடுவை இறுக்கி, ஒவ்வொரு முனையிலும் 150 கிலோ கொடுத்தபோது வலது முனை 46 மிமீ, இடது முனை 57 மிமீ இறங்கின. கண்ணால் பார்த்தது, தட்டிப் பார்த்தது எல்லாவற்றையும்விட இந்த இரண்டு எண் பேசியது. ஃபைபர் பட்டை இரும்பைப் போல எளிதில் தொய்வதில்லை, அதனால் தரையில் வைத்து வளைவு நன்றாக இருக்கிறது என்று காட்டும் பழைய விற்பனைத் தந்திரத்துக்கு இதில் அர்த்தமே இல்லை. சுமை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

விறைப்பு எண், அதாவது ஸ்பிரிங் ஓர் அங்குலம் இறங்கத் தேவையான சுமை, கேட்கும்போதும் கவனம். "360 பவுண்டு" என்றார் விற்றவர். ஒரு முனைக்கா, இரு முனையும் சேர்த்தா? இதே பட்டையின் நல்ல வலது பாதி, ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 182 பவுண்டு வருகிறது. இரட்டித்தால்தான் 360-க்குப் பக்கம். ஒரு முனைக்கு 360 என்று நம்பி ஷாக் அப்சார்பர் வாங்கியிருந்தால் அதுவும் வீண்.

பழையது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் எங்கள் பரிந்துரை இரும்புக் கட்டு. ஒன்பதில் ஒன்று உடைந்தாலும் மற்றவை வண்டியை வீடு சேர்க்கும், திருத்த நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். 16 கிலோ மிச்சம் வேண்டும் என்பவர்கள் ஃபைபரைப் புதிதாகவே வாங்கட்டும்.

பணம் விஷயம். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ, தராசில் எடை, பில்லில் வருடமும் "ஒரிஜினல்" என்ற சொல்லும் இருந்ததால் விற்றவர் மறுக்க முடியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவானதும் பேச்சுக்கு வந்தார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு, ஆனால் வியாபாரியிடம் பில்லோடு வாங்கியிருந்தால்தான் பிடிமானம். 30,000 திரும்ப வந்தது. பதிலுக்கு ஸ்பிரிங்கை அவரிடமே கொடுக்க வேண்டியதாயிற்று, நடுவில் அறுத்துக் கொடுக்க அவர் ஒப்பவில்லை.

ஆகவே அது மறுபடி சந்தைக்கு வரும். கறுப்பு பெயிண்ட், 5.9 கிலோ, முட்டை வடிவ முனைத் துளைகள், நடுவில் இரு ஓரமும் கிரைண்டர் தேய்ப்பு, ஒரு பாதியின் ஓரத்தில் 60 மிமீ பட்டி. பெயிண்ட் நிறத்தை மாற்றலாம், துளையை மாற்ற முடியாது; முதலில் துளையைப் பாருங்கள்.