சிஎன்சி ரௌட்டர் தூசிக்கு வேக்யூமா, பை கலெக்டரா?

வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஷெட். அதில் ரௌட்டரை (கணினி சொல்படி மரம் வெட்டும் மெஷின்) வைத்து நான் வெட்டிய முதல் வேலை, மர நாரை அழுத்திச் செய்த 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் துளைத் துளையாக ஒரு ஜாலித் தடுப்பு. மூன்று மணி நேரம் ஓடியது. முடிந்து பார்த்தால் ரெயில், ஸ்க்ரூ, கீபோர்டு என்று எல்லாவற்றின் மேலும் மாவு சலித்துவிட்ட மாதிரி தூள். இரவெல்லாம் இருமல். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது என்பதை அதற்கப்புறம்தான் படித்தேன்.

ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதை ஒரே நாளில் கைவிட்டேன். தூள் பக்கத்து வீட்டுக் கொடித் துணியில் போய் உட்கார்ந்தது. கனமான செதில் மேஜையிலேயே கிடந்தது. மிச்சம் இரண்டு வழி: பெரிய துணிப்பை வைத்த டஸ்ட் கலெக்டர், அல்லது வேக்யூம் கிளீனரும் அதற்கு முன்னால் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சைக்ளோனும். நான் இரண்டாவதை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

விலையிலும் இடத்திலும் வேக்யூம்தான் சிக்கனம், சத்தத்தில் கலெக்டர்தான் நல்லது. அதில் பெரிய விவாதம் இல்லை.

உறிஞ்சும் விதம்தான் வேறு. கலெக்டர் நிறையக் காற்றை மெதுவான இழுப்பில் நகர்த்தும். அதற்கு நான்கு அங்குலக் குழாய் வேண்டும். வேக்யூம் நிமிடத்துக்கு 100 முதல் 150 கனஅடி காற்றைத்தான் இழுக்கும், ஆனால் சிறிய குழாயிலும் இழுப்பு விடாது. ஸ்பிண்டிலை, அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரைச் சுற்றி மாட்டும் பிரஷ் ஷூவுக்கு (தூள் சிதறாமல் மறைக்கும் பிரஷ் வைத்த மூடி), நம் சைஸ் மெஷினில், இரண்டரை அங்குல வாய்தான் பொருந்தும். நான்கு அங்குலத்தை அங்கே சுருக்கினால் ஐந்தில் இரண்டு பங்குப் பரப்புதான் மிஞ்சும். கலெக்டரின் பலமே போய்விடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஃபில்டர். சைக்ளோன் இல்லாமல் வெறும் வேக்யூமை மாட்டியிருந்த காலத்தில், எம்டிஎஃப் வெட்டினால் அரை மணி நேரத்தில் ஃபில்டர் மடிப்பெல்லாம் அடைத்துக்கொள்ளும். மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறும், ஷூவுக்கு வெளியே தூள் சிதறும். வேலையை நடுவில் நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றிக் கொல்லையில் தட்ட வேண்டும். தட்டும்போது கிளம்பும் புகை நேராக முகத்துக்குத்தான் வரும். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த தூசியைக் கடைசியில் நானே மூச்சில் இழுத்தேன்.

சைக்ளோனில் காற்று சுழன்று இறங்கும்போது தூள் சுவரில் ஒதுங்கி வாளியில் விழுகிறது. காற்று மட்டும் நடுவால் மேலேறி வேக்யூமுக்குப் போகிறது. இருபது லிட்டர் பெயின்ட் வாளியை இரண்டு தடவை நிரப்பிக் காலி செய்த பிறகு வேக்யூமைத் திறந்தேன். உள்ளே இரண்டு கைப்பிடித் தூள்தான், அதுவும் முகப்பவுடர் போல நைசாக. இப்போது மாதம் ஒரு தடவை ஃபில்டரைத் தட்டினால் போதும். அதனால் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போடவும் மனம் வந்தது. தினமும் அடைத்துக்கொள்ளும் இடத்தில் அந்த விலைக்கு யார் போடுவார்கள்?

இதற்கு இரண்டு கண்டிஷன் உண்டு. வாளி மூடியில் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. கீழே காற்று புகுந்தால் விழுந்த தூளை மறுபடி மேலே தூக்கிவிடும். வேக்யூமை ஓடவிட்டு மூடியைச் சுற்றி ஊதுபத்தியைக் காட்டினேன். ஓர் இடத்தில் புகை உள்ளே இழுபட்டது, அங்கே சிலிக்கான் வைத்தேன். இன்னொன்று, வாளி கெட்டியாக இருக்க வேண்டும். முதல் வாரத்தில் ப்ளைவுட் சிம்பு ஒன்று ஹோஸை அடைத்ததும், வாளி ‘டப்’பென்று உள்வாங்கி நசுங்கியது. இப்போது ஒரு வாளிக்குள் இன்னொரு வாளி. இரும்பு டிரம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மழுங்கிய பிட்டால் கருகிய தூள் கங்கோடு போய் விழலாம். இரவில் வாளியில் தூளை விட்டு வைப்பதில்லை.

மின்சாரத்தையும் பாருங்கள். 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், 1.4 கிலோவாட் வேக்யூம், சேர்த்து 3.6. ஒரு 15 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் 3.45 வரைதான் தாங்கும். தனி லைன் இழுத்தேன். ஹோஸுக்குள் செம்புக் கம்பி ஓட்டி எர்த்தும் கொடுத்தேன். ஸ்டேட்டிக் ஷாக் நின்றது.

கலெக்டரைக் குறை சொல்லும் அளவுக்கு நான் அதில் வேலை செய்ததில்லை. நண்பர் பட்டறையில் பத்து நாள்தான். அவருடைய மரம் இழைக்கும் ப்ளேனர் கக்கும் செதிலுக்கு அதுதான் சரி; என் வேக்யூம் ஐந்து நிமிடத்தில் திணறிவிடும். அதன் இண்டக்‌ஷன் மோட்டார் நாள் முழுக்க ஓடும். என் வேக்யூமுக்கோ ஒரு தடவை கார்பன் பிரஷ் மாற்றியாகிவிட்டது. ஆனால் சாதாரணத் துணிப்பை 30 மைக்ரான் அளவுக்குத்தான் பிடிக்கும். நுரையீரலுக்குள் இறங்குவது 10 மைக்ரானுக்கும் கீழே உள்ளது. ஸ்விட்சைப் போட்டுப் பை உப்பும்போது, ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் கீற்றில் அந்தத் தூசி மிதப்பதைப் பார்த்தேன். பைக்குப் பதில் 1 மைக்ரான் வரை பிடிக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கி மாட்டலாம்தான், ஆனால் செலவு ஏறிவிடும்.

வாளியைக் காலி செய்யும்போது என்95 முகக்கவசம் போடாமல் இருக்காதீர்கள். நான் வாளியின் வாயில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை மாட்டி, பையோடு மெதுவாகக் கவிழ்த்து, பத்து நிமிடம் தூள் அடங்க விட்டுத்தான் வாளியை எடுக்கிறேன்.