மூன்று தூக்கு, ஒரே கை: நீலகிரி பெண் எஸ்.ஐ.யின் துப்பறியும் நாவல்

நீலகிரியில் நடக்கும் கொலைக்கதை என்றால் மூடுபனி, பூட்டிய பங்களா, எதையோ மறைக்கும் வாட்ச்மேன் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. இந்த நாவலில் பங்களாவே வரவில்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு வருகிறது, கேரட் கழுவும் இடம் வருகிறது, கொழுந்து எடை போடும் ஷெட் வருகிறது. எல்லாவற்றையும்விட அதிகமாக ஒரு போலீஸ் ஸ்டேஷனின் ரெக்கார்டு அறை வருகிறது. பயிற்சி முடித்துக் கோத்தகிரிப் பக்கம் போஸ்டிங் வாங்கி வந்த இளம் பெண் எஸ்.ஐ. அங்கே பழைய கட்டுகளைப் பிரிக்கும்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. (மலை ரயிலில் துரத்தல் காட்சி கிடையாது. அந்த வேகத்தில் போகும் ரயிலில் எவனைத் துரத்த முடியும்? அதற்கே ஆசிரியருக்கு ஒரு நன்றி.)

கொலையாளி யார் என்பதை இங்கே உடைக்கப்போவதில்லை. மற்றச் சங்கதிகள், முடிவு உட்பட, வெளியே வரும்.

தனியாக வாழ்ந்த மூன்று பெண்கள், மூன்று தாலுகாக்களில், வெவ்வேறு காலங்களில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைக்கிறார்கள். மூன்றுமே சந்தேக மரணம் என்று பதிவாகி, தற்கொலை என்று முடிக்கப்பட்டவை. இருவர் விதவைகள், ஒருவர் மணமாகாதவர். இது சும்மா போட்ட விவரம் இல்லை. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும், பிறந்த வீட்டார் கேள்வி கேட்பார்கள். இந்த மூவருக்கும் அப்படிக் கேட்க ஆளில்லை. கொலைகாரன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை நாவல் எங்கும் விளக்கிச் சொல்லாமல் இந்த ஒரு ஒற்றுமையிலேயே காட்டிவிடுகிறது. தொடர்கொலை என்பதற்கு எப்.பி.ஐ. வைத்திருக்கும் வரையறைக்கு இரண்டு பேர், இரண்டு தனித்தனிச் சம்பவம் போதும். ஆனால் கொலை என்றே பதிவாகாத சாவுகளை எந்த வரையறையில் சேர்ப்பது? எஸ்.ஐ.யின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. ஆளைப் பிடிப்பது அதற்கு அடுத்த கட்டம்.

நாவலின் சிறந்த அத்தியாயம் அவர் மூன்று கோப்புகளின் புகைப்படங்களையும் மேஜையில் பரப்பி வைக்கும் அத்தியாயம். தூக்கில் தொங்கினால் கயிற்றின் தடம் வழக்கமாகக் கழுத்தின் மேற்பகுதியில், குரல்வளை மேட்டுக்கு மேலே, சாய்வாக ஏறி, முடிச்சு இருக்கும் பக்கம் விட்டுப்போயிருக்கும். கயிற்றால் இறுக்கிக் கொன்றால் தடம் கீழே, படுக்கைவாட்டில், கழுத்தைச் சுற்றி முழு வட்டமாக விழும். முதல் கோப்பில் இருப்பது இரண்டாவது வகை. அடுத்தது ரத்தத் தேக்கம். தொங்கிய உடலில் ரத்தம் கால்களிலும் கைகளின் கீழ்ப்பகுதியிலும் இறங்கித் தங்க வேண்டும். இரண்டாவது கோப்பின் படத்தில் முதுகு முழுக்கக் கருஞ்சிவப்பு. அப்படியென்றால் உடல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்து, தேக்கம் நிலைத்த பிறகுதான் மேலே ஏற்றப்பட்டிருக்கிறது. மூன்றாவதில் உத்திரக் கட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள். உடலைக் கட்டி இழுத்து ஏற்றியிருந்தால் மரத்தின் நார்கள் கயிறு ஓடிய திசைக்கேற்ப உராய்ந்து சிலும்பியிருக்கும். வெறுமனே தொங்கிய பாரத்துக்கு அப்படி வராது. உயிரோடு தூக்கில் தொங்கியவருக்குக் கடைவாயில் எச்சில் வழிந்த தடம் இருப்பதுண்டு; அது இல்லாததையும் சேர்க்கிறார்கள். அது இல்லாததால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது என்று டாக்டர் சொல்வதாக ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு வரிக்காகவே ஆசிரியரை நம்பலாம்.

வழக்குப் பதிவின் சட்டப் பிரிவுகளும் சுத்தம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சாவுகள் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174-இல் பதிவாகியிருக்கின்றன. பின்னால் நடந்தது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-இல். கொலை என்று பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பும்போது பழையவற்றுக்கு இ.பி.கோ. 302, புதியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 103(1). குற்றம் நடந்த தேதிதான் எந்தச் சட்டம் என்பதை முடிவு செய்யும். அண்மையில் வரும் பல கதைகள் எல்லாவற்றுக்கும் 302 என்றே எழுதிக்கொண்டிருக்கின்றன. இங்கே ரைட்டர் ஏட்டையாவே, "மேடம், இது பழைய 302, இது புது 103. கலந்து எழுதினா கோர்ட்டுல திருப்பிடுவாங்க" என்று திருத்துகிறார்.

தமிழ்நாட்டில் கொலை வழக்கின் விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர். எஸ்.ஐ. தனியாகக் கொலை வழக்கை நடத்துவதாக எழுதினால் அந்த இடத்திலேயே கதை விழுந்துவிடும். நாவல் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. மே மாதம், மலர்க் கண்காட்சி, இன்ஸ்பெக்டர் ஊட்டிப் பந்தோபஸ்தில் இருக்கிறார். கையெழுத்து அவருடையது, அலைச்சல் எஸ்.ஐ.யுடையது. சீசனில் மலையின் பாதி காக்கிச்சட்டை போக்குவரத்துக்கே போய்விடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

தடயம் சேகரிக்கும் இடங்களில் ஆசிரியர் மலையின் ஈரத்தை மறக்கவில்லை. ரத்தம் தோய்ந்த சால்வையை நிழலில் காயவைத்துக் காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். கீழ்நாட்டில் ஒரு மதியத்தில் காய்வது குன்னூர் மழையில் நாள் கணக்கில் காயாது. அதனால் அறையைப் பூட்டி, மின்விசிறியை நேரே திருப்பாமல் சுவர் பக்கம் திருப்பிக் காயவைக்கிறார்கள். பனி படிந்த தகரக் கதவில் விரல்ரேகைப் பொடி தூவினால் களிம்பாகத்தான் ஒட்டும். ஈரப் பரப்புக்கென்றே தெளிக்கும் நுண்துகள் கரைசல் இருக்கிறது. தடயவியல் நிபுணர் அதைத்தான் எடுக்கிறார். காய்கறிக் குடோனில் ரத்தக் கறையைக் காட்டும் லூமினால் ரசாயனத்தை அடித்ததும் தரை முழுக்க நீலமாக ஒளிர, உடனிருந்த போலீஸார் துள்ளுகிறார்கள். நிபுணர் அசையவில்லை. டர்னிப், முள்ளங்கி வகைக் கிழங்குகளில் உள்ள பெராக்சிடேஸ் நொதியும் லூமினாலை ஒளிரவைக்கும், பிளீச்சிங் பவுடரும் ஒளிரவைக்கும். மூட்டை மூட்டையாகக் கிழங்கு இறங்கும் குடோனில் அந்த ஒளிக்கு ஒரு அர்த்தமும் இல்லை. நீலகிரிக்கு மட்டுமே பொருந்தும் ஒரு திருப்பத்தை இவ்வளவு அழகாக வைத்ததற்குத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

செல்போன் டவர் விஷயமும் அப்படியே. சந்தேகத்துக்குரியவனின் போன் சம்பவ நேரத்தில் சமவெளி டவரில் காட்டுகிறது. ஆள் மலையிலேயே இல்லை என்று முதலில் விட்டுவிடுகிறார்கள். மலைச் சரிவின் வெளிமுகத்தில் நின்றால், பின்னால் ஒரு கிலோமீட்டரில் மேடு மறைக்கும் டவர் கிடைக்காமல், கீழே நேர்பார்வையில் இருக்கும் தூரத்து டவரில் போன் ஒட்டிக்கொள்ளும். எஸ்.ஐ. அந்தச் சரிவுக்கே போய்த் தன் போனை வைத்துச் சோதித்துத்தான் இதைப் பிடிக்கிறார். இ-பாஸ் தரவும் ஒரு முட்டுச்சந்தாக வருகிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ஆனால் நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்கு அது தேவையில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளை அலசிய பிறகுதான், தேடுகிறவன் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டான் என்பது புரிகிறது.

இனி கோளாறுகள். முதல் கோளாறு கொஞ்சம் பெரியது. ஜனவரியில், தலைகுந்தா பக்கம் உறைபனி விழுந்த காலையில் ஒரு உடல் கிடைக்கிறது. உடல் முழுதும் விறைத்திருப்பதை வைத்து "இறந்து பன்னிரண்டு மணி நேரம்" என்று டாக்டர் ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறார். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் முழுதாக விறைக்கும், அதே அளவு நேரம் நிற்கும், பிறகு தளரும் என்பது வெப்பமான ஊர்க் கணக்கு. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் விறைப்பு தாமதமாகத் தொடங்கும், நெடுநேரம் நிற்கும். ஈ முட்டையும் உதவாது. அந்தக் குளிரில் ஈ பறக்காது. உடலின் உள்வெப்பம், சுற்றுப்புற வெப்பம், உடல் எடை, போர்த்தியிருந்த துணி இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஒரு நேர வரம்பாவது கிடைக்கும், அதுவும் சில மணி நேர அகலத்தோடு. கயிற்றுத் தடத்தில் அவ்வளவு நுணுக்கம் காட்டியவர் இங்கே கோட்டைவிட்டிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு மணிக் கணக்கை நம்பித்தான் ஒருவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள் என்பதால் இதைச் சின்னப் பிழை என்று தள்ளவும் முடியாது.

தேயிலை பாக்டரிக் காட்சியும் நிற்காது. கொழுந்து வாட்டும் தொட்டியில் இலைக்கு அடியில் இரவு முழுக்க உடலை மறைத்து வைத்ததாக எழுதியிருக்கிறார். அந்தத் தொட்டியில் இலை ஒரு சாண் கனத்துக்குத்தான் பரப்புவார்கள், அடியில் கம்பி வலை, அதன் கீழே விசிறிக் காற்று. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடும் இலையை இடையில் ஆட்கள் கையால் புரட்டிவிடுவார்கள். உடல் கிடக்கும் இடத்தில் காற்று அடைத்து இலை வாடாமல் பச்சையாகவே நிற்கும். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் பாக்டரி மேக்கர் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

பாதை விஷயத்தில் இரண்டு சறுக்கல். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஏற்றம், கோத்தகிரி வழியே இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். நாவலில் மே மாதப் பகலில் ஒரு சுற்றுலா வேன் பர்லியார் வழியாக நிதானமாக இறங்குகிறது. கடைசித் துரத்தலில் கொலைகாரன் இரவு பதினோரு மணிக்குத் தெப்பக்காடு தாண்டிப் பந்திப்பூர் வழியே கர்நாடகத்தின் குண்டல்பேட்டைக்குத் தப்பப் பார்க்கிறான். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அந்தக் காட்டுச்சாலை மூடிக் கிடக்கும் என்பது அங்கே வண்டி ஓட்டும் யாருக்கும் தெரியும். துரத்தவே வேண்டாம், சோதனைச்சாவடியில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தாலே போதும்.

முடிவுதான் மிகவும் ஏமாற்றம். பிடிபட்டவன் ஸ்டேஷனில் உட்கார்ந்து அத்தியாயம் முழுக்க ஒப்புதல் வாக்குமூலம் தருகிறான், வழக்கு வென்றதுபோலக் கதை முடிகிறது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26; இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. அந்த வாக்குமூலத்தால் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். வி.ஏ.ஓ. சாட்சியாக நின்று, கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி, வீடியோ எடுத்து, இறந்த பெண்ணின் போனையோ கயிற்றின் மீதித் துண்டையோ எடுத்திருந்தால் அது வழக்கு. முந்நூறு பக்கம் காகிதத்தோடு மல்லுக்கட்டிய எஸ்.ஐ. கடைசியில் வாய்ப்பேச்சை நம்புவார் என்பதை ஏற்க முடியவில்லை. குறைந்தபட்சம் மாஜிஸ்திரேட் முன்னால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 183-இன் கீழ் வாக்குமூலம் பதியக் கேட்டிருக்கலாம்.

நடை எளிது. ஸ்டேஷன் பேச்சு உயிரோடு இருக்கிறது. படுகர் ஊரான ஹட்டியில் விசாரிக்கப் போகும்போது ஊர்ப் பெரியவரிடம் முதலில் பேசிவிட்டு வீட்டுக்குள் போகும் முறை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளில் யாரும் எழுதிக்கொடுக்கத் தயங்கும் பயம், இரண்டும் மிகையில்லாமல் வந்திருக்கின்றன. எஸ்.ஐ.யின் காதல் கிளைக்கதையைத் தாண்டிப் போனால் இழப்பு ஒன்றுமில்லை. துப்பறியும் கதையில் கொலைகாரனின் பால்யத்தைத் தேடுபவர்களுக்கு இதில் தீனி குறைவு. பிரேதப் பரிசோதனை அறிக்கையை வரி வரியாகப் படித்து ரசிப்பவர்கள் வாங்கலாம். பந்திப்பூர் துரத்தல் தொடங்கியதும் மூடி வைத்துவிடலாம்.